பாலத்துக் காவல்காரியின் கால்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

நீங்கள் நலமாக நில அளவை முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததாக உங்கள் மனைவி சொன்னார். அங்கே போன் எடுக்காது, பத்து நாளுக்கு ஒரு முறை வரும் படகில்தான் தபால் போகும் என்றும் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லையென்றால் நேரிலேயே கேட்டிருப்பேன்.

என் மகள் பிறந்தநாளன்று நீங்கள் செய்தது சரியா?

என் லிஃப்ட் ரிப்பேர் வேலையில், லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், எந்த மாடியில், எத்தனை மணிக்கு, உள்ளே யார் என்றுதான் நான் முதலில் எழுதிக்கொள்வேன். அதே மாதிரி எழுதுகிறேன்.

ஒரு வருஷமாக ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் அந்த விளையாட்டை நடத்தினீர்கள். நீங்கள் ஒரு கற்பனை உலகத்தைச் சொல்வீர்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதில் இறங்கி, இப்போது என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். ஆடுவது என் மனைவி, உங்கள் மனைவி, கீழ்வீட்டுப் பல் டாக்டர், என் மகள் வாலு. நான் டீ போட்டுக் கொடுப்பவன்.

வாலு தனக்கென்று உண்டாக்கிக்கொண்டது பாலத்துக் காவல்காரி. வாலுவைப் போலவே அந்தக் காவல்காரிக்கும் இடது முழங்காலுக்குக் கீழே பிறவியிலேயே கிடையாது. மரக்கால் மாட்டியிருப்பாள்.

அன்று உங்கள் கதையில் ஏரியிலிருந்து ஒரு மந்திரக்காரி எழுந்து வந்தாள். காவல்காரியின் முழங்காலைத் தொட்டாள். கால் முளைத்தது. "பதினாலாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பாவோட பரிசு!" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் நீங்கள் படகேறிவிட்டீர்கள்.

அவள் "தேங்க்ஸ் சித்தப்பா" என்றாள். பகடையைப் பைக்குள் போட்டு நாடாவை இறுக்கினாள். அந்த முடிச்சை இதுவரை அவிழ்க்கவில்லை. கேட்டால் பரீட்சை என்கிறாள். முந்தாநாள் அவள் சித்தி தலை வாரிவிடும்போதுதான் வாயைத் திறந்தாள். "சித்தி, கைய வெச்சா கால் முளைக்கிற ஊர்ல என்னை மாதிரி ஒருத்தி எப்படி இருக்க முடியும்? அந்த உலகத்துல நான் கிடையாது, இல்ல?"

அவளுக்கு என்ன குறை கண்டீர்கள்? பதில் எழுதினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள சகலை,

உங்கள் கடிதத்தை அளவுக் கூடாரத்தில் நின்றபடியே படித்தேன். 'நீங்கள்' என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருஷத்தில் நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கேள்வியைவிட அதுதான் முதலில் சுட்டது.

எனக்கும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தானே செய்தேன், மூன்று வாரம் அந்தக் காட்சியை எழுதி எழுதித் திருத்தினேனே, அதற்கு இதுவா என்று நினைத்தேன். அன்று முழுவதும் இப்படியே உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு அளவுக் கழிகளை நட்டதில், நாலு கழி தப்பான இடத்தில் நின்றன. மறுநாள் பிடுங்கி நட்டேன்.

பிடுங்கும்போதுதான் அவள் கேட்டது உறைத்தது. அந்த உலகத்தில் நான் கிடையாது, இல்ல? அவளுக்கு ஒரு கால் கொடுத்ததாக நினைத்தேன். அவளைப் போன்ற யாரும் பிறக்கவே முடியாத ஊரைக் கட்டி வைத்திருக்கிறேன். கட்டினவனுக்கே அது தெரியவில்லை.

இனி அந்த உலகம் வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பச்சை அட்டை நோட்டு ஒன்று இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். வாலுவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் நேரடியாக எழுத இப்போது கை வரவில்லை.

சகலை


மார்ச் 9

டேய் சகலை,

நோட்டைப் போடலை. ரெண்டு நாள் லீவு போட்டுப் படிச்சேன்.

நூத்தி நாப்பது பக்கம்! இவ்வளவு நாள் இதை மேஜையில வெச்சுக்கிட்டு நீ பேசும்போது நான் அடுக்களையில டீ வடிகட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அந்த மீன் சந்தை இருக்கே, வாலைத் தொட்டுட்டா வாங்கியே ஆகணும்னு ஒரு சட்டம் வெச்சிருக்கியே, அதைப் படிச்சுட்டு உட்கார்ந்து சிரிச்சேன். தோல் பதனிடுற தெருவுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி வீட்டு வாடகை மாறுதே, அது உனக்கு எப்படித் தோணிச்சு? நானும் ஊரெல்லாம் ஏறி இறங்குறவன். இப்படிப் பார்த்ததில்லை. உண்மையாச் சொல்றேன், எனக்குப் பொறாமையா இருந்துது.

ஆனா மந்திரம் வர்ற பக்கம் மட்டும் எனக்கு இடிக்குது. சொல்றேன், கோவிச்சுக்காதே.

பழைய கட்டடத்துல லிஃப்ட் வெச்சா லிஃப்ட் மட்டும் வராது. சுவரை உடைக்கணும், குழி தோண்டணும், மொட்டை மாடியில மோட்டார் ரூம் கட்டணும். அப்புறம் மேல் வீட்டுக்கு வாடகை ஏறும். மாடிப்படியை யாரும் பெருக்க மாட்டாங்க. ஒரு பொருள் உள்ள வந்தா வீடே மாறிடும். உன் ஊர்ல மந்திரக்காரங்க பறக்குறாங்க, ஆனா கோட்டை மதிலை யாரும் உயர்த்திக் கட்டலை. தொட்டாப் புண் ஆறுது, ஆனா ஊர்ல கட்டு கட்டுற வைத்தியர் பதினேழு பேர் கடை போட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்க எல்லாம் என்ன சாப்பிடுறாங்க? உன் மந்திரத்துக்குக் குழியும் இல்லை, மோட்டார் ரூமும் இல்லை. வீட்டு மேல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு.

வாலுகிட்ட உன் மன்னிப்பைச் சொன்னேன். "மன்னிப்பெல்லாம் வேணாம்பா. அந்த மந்திரக்காரி என்னைத் தொட்டாளே, எதைச் சரி பண்றதா நெனச்சுத் தொட்டா? அதை மட்டும் சித்தப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க"ன்னா.

இன்னொண்ணு. போன கடிதத்துல 'எல்லோரும் கைதட்டினார்கள்'னு எழுதினேன். நானும் தட்டினேன். டீ டம்ளரைக் கீழே வெச்சுட்டு, ரெண்டு கையாலயும். எல்லாரையும் விட சத்தமாத் தட்டினது நான்தான். அதை உனக்கு எழுதாம இருக்க முடியலை.

சகலை


மார்ச் 23

அன்புள்ள சகலை,

இந்தக் கடிதம் நீளும். மழையால் மூன்று நாளாக வேலை நடக்கவில்லை. கூடாரத்தில் தகர டிரங்குப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

வாலுவின் கேள்வியை எழுதி கம்பத்தில் ஒட்டி வைத்தேன். எதைச் சரி பண்றதா நெனச்சுத் தொட்டா? இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருந்தால் நான் இதற்குள் பெரிய எழுத்தாளனாகியிருப்பேன். பதினாலு வயதில் அவளுக்குத் தோன்றுகிறது.

முதலில், குணப்படுத்தினால் மந்திரக்காரியின் ஆயுள் குறையும் என்று எழுதினேன். அதனால் எல்லோரையும் குணப்படுத்த மாட்டார்கள், வாலு அப்படியே இருக்கலாம். படித்துப் பார்த்தால் அவள் ஏதோ வரிசையில் இடம் கிடைக்காதவள் போல இருந்தது. கிழித்தேன். அடுத்து, ராஜா தடை செய்துவிட்டார் என்று எழுதினேன். அது அவளை வெளியே நிறுத்திவிட்டுக் கதவில் காரணத்தை எழுதி ஒட்டுவது மாதிரி. அதையும் கிழித்தேன்.

நேற்று எங்கள் முகாம் சமையல்காரர் கையை வெட்டிக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டே, "ரெண்டு நாள்ல மூடிக்கும் சார், தோலுக்குத் தன் வேலை தெரியும்" என்றார். பிடித்துக்கொண்டேன்.

மந்திரத்துக்குத் தெரிந்தது வளர்ச்சி மட்டும்தான். தானாக வளர்ந்தது எதுவோ, அது எப்படி வளர்ந்ததோ, அப்படியே திருப்பி வைக்கும். வெட்டுப்பட்ட தோல் மூடும். ஒடிந்த எலும்பு சேரும். ஆனால் கை செய்த எதையும் அதற்குத் தெரியாது. மந்திரக்காரி தொட்டால் பானை களிமண்ணாகிவிடும். ரொட்டி கோதுமை மணியாகிவிடும். மரக்கதவு அவள் பக்கத்தில் வந்தாலே துளிர்க்கும். பாலத்தில் கால் வைத்தால் அதன் கல் எல்லாம் மலைக்குப் போக இழுக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட குழியும் மோட்டார் ரூமும் தானாக வந்துவிட்டன, பாருங்கள். இவர்களை எந்த ஊரும் மதிலுக்குள் விடாது. வீட்டில் இருக்க முடியாது, சட்டை போட முடியாது. இலையைக் கட்டிக்கொண்டு, பழத்தைத் தின்றுகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் இருப்பார்கள். நோயாளிதான் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அவர்களிடம் போக வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஊருக்குள் பதினேழு வைத்தியர்களை நம்பித்தான் ஆக வேண்டும். கோட்டைக்கு மதில் முக்கியமில்லை, பாலம்தான் முக்கியம். ஒரு மந்திரக்காரி தெரியாமல் ஏறிவிட்டால் பாலமே போய்விடும். ஆக, அந்த ராஜ்ஜியத்திலேயே பெரிய உத்தியோகம் எது? பாலத்துக் காவல்.

வாலுவுக்குப் பதில்: எதுவும் உடையாத இடத்தில் அந்த மந்திரத்துக்கு வேலையே கிடையாது. ஏரியில் வந்தவள் செய்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிச் சரி செய்வது என்றும் தெரியவில்லை. அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் அங்கே இல்லை. நீங்கள் ஒரு ஞாயிறு நடத்திப் பாருங்களேன். டீயை உங்கள் மனைவி, எங்கள் அக்கா, போடட்டும்.

சகலை


ஏப்ரல் 13

டேய் சகலை,

நடத்திட்டேன்.

மேஜைத் தலைமாட்டுல, உன் நாற்காலியில நான் உட்கார்ந்ததும் உன் அக்கா, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் உலகத்தை ரிப்பேர் பண்ணப் போறார்"னு ஆரம்பிச்சா. உன் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. வாலு வரலை. அறை வாசல்ல ஸ்டூலைப் போட்டு ஏதோ பாடப் புஸ்தகத்தை விரிச்சு வெச்சிருந்தா. பக்கம் மட்டும் புரளவே இல்லை.

பல் டாக்டரோட திருடன் கூரையிலேருந்து விழுந்து விலா எலும்பை ஒடிச்சுக்கிட்டான். தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போனாங்க. மந்திரக்காரி மரத்தடியில இலையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னேன். கைய வெச்சா, விலா சேர்ந்துடுச்சு. சட்டை பஞ்சாப் போச்சு, இடுப்பு வார் மாட்டுத் தோலாப் போச்சு.

"அவ்வளவுதானே?"ன்னார் டாக்டர்.

"உங்க ஆளுக்குத் தங்கப் பல் உண்டுன்னு போன மாசம் சொன்னீங்களே?"

"ஆமா."

"இப்ப இல்லை. வாய் நெறைய மண்ணு. துப்புங்க."

அவர் எழுந்து நின்னுட்டார். "இருபத்தாறு வருஷமாப் பல் அடைக்கிறேன் சார், என் கண்ணு முன்னாடியே இப்படிப் பண்றீங்களே!" மேஜையே குலுங்கிச்சு. வாசல்லேருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தா வாலு ஸ்டூலை விட்டு எழுந்து வர்றா.

"சித்தி, கொஞ்சம் நகருங்க."

உட்கார்ந்தா. என் கையிலேருந்து உன் கடிதத்தைப் புடுங்கி, அந்தச் சட்டம் இருக்கிற பக்கத்தை ரெண்டு தரம் படிச்சா. பைய எடுத்து முடிச்சை அவிழ்த்தா. நகத்தால முடியாம பல்லால இழுத்தா.

"காவல்காரி மரத்தடிக்குப் போறா. 'என் காலைத் தொடு'ங்கறா."

எந்தக் காலைன்னு கேட்டேன்.

"ஏரி குடுத்த காலை. அது என்கிட்ட வளர்ந்தது இல்லையே அப்பா. ஏரி செஞ்சு ஒட்டினது. தொட்டா என்ன ஆகும்?"

நீ மாட்டிக்கிட்டு நின்ன இடம் அது. அவ ஒரு நிமிஷத்துல தாண்டிட்டா! தண்ணியா ஆகும்னேன். கணுக்காலிலேருந்து கரைஞ்சு, புல்லுல ஓடி, ஏரிப் பக்கமாப் போயிடுச்சுன்னு சொன்னேன்.

"இப்ப முழங்கால்ல கைய வெக்கச் சொல்லுங்க"ன்னா.

மந்திரக்காரி கைய வெச்சா. ரொம்ப நேரம் வெச்சிருந்தா. அப்புறம் அவ ஒரு வார்த்தை சொல்லணும், அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். "இங்கே எதுவும் உடையலையேம்மா."

சொல்லி முடிக்கறதுக்குள்ள பகடை கீழே விழுந்த மாதிரி மேஜைக்கு அடியில குனிஞ்சேன். எனக்கு முன்னாடியே உன் அக்கா அங்க குனிஞ்சிருந்தா.

வாலு அழலை. "சரி, என் மரக்காலைக் குடுங்க, வேலைக்கு நேரமாச்சு"ன்னுட்டா. அதோட விட்டாளா? மரக்கால் கை செஞ்சதுதானே, மந்திரக்காரி பக்கத்துல வந்தாலே அது துளிர்க்குமேன்னா. அதனாலதான் இவளைப் பாலத்துல நிறுத்தியிருக்காங்களாம். யார் எந்த இருட்டுல வந்தாலும் இவ காலுல முதல்ல இலை விடும். ராஜ்ஜியத்துலயே வேற யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. "காலு ரெண்டும் இருக்கறவங்களை இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க டாக்டர் அங்கிள்"னு அவருக்கு விளக்கம் வேற. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, சகலை. பெத்தவன் நான். இவ்வளவு இவளுக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியலை.

அப்புறம் உன் மனைவி ஒரு குண்டைப் போட்டா. நகரத்துல அவ ஆளோட அக்காவுக்குப் பிரசவ வேதனை, உயிர் போற மாதிரி இருக்கு, மந்திரக்காரி வந்தே ஆகணும்னா. பாலத்துல ஏத்தினாப் பாலம் போகும். படகு கட்டையாப் போகும். அரை மணி நேரம் எல்லாரும் சண்டை. வாலு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தவ, "ஆத்தை யாரும் செய்யலையே?"ன்னா. மரக்காலைக் கரையில கழட்டி வெச்சா. மந்திரக்காரியை முதுகுல போட்டுக்கிட்டு நீந்துறேன்னா. மூணு வருஷமா நீச்சல் குளத்துல இவ செயற்கைக் கால் மாட்டாமத்தானே நீந்துறா, அதை மறந்தே போயிருந்தேன். பன்னிரண்டுக்கு மேல விழணும்னு நானே சொல்லித் தொலைச்சிட்டேன். பதினாலு விழுந்துது. டாக்டர் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார்.

கரையில கட்டில் போட்டு, பிரசவம் நல்லபடியா முடிஞ்சுது. பொம்பளைப் பிள்ளை. கட்டில் மட்டும் வேப்பமரமா நிக்குது.

நீ கட்டின உலகம்டா அது. இப்பத்தான் அதுல எல்லாருக்கும் இடம் இருக்கு.

சகலை


மே 2

அன்புள்ள சகலை,

உங்கள் கடிதத்தை இதுவரை ஆறு முறை படித்துவிட்டேன். நூற்றி நாற்பது பக்கம் எழுதினவன் நான். மேஜைக்கு அடியில் குனிந்த அந்த வரியை எழுத எனக்கு வராது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள் வாலுவை நான்தான் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். பஸ் படியில் அவள் இறங்கும்போது பின்னாலிருந்த ஒருவர் 'உச்' கொட்டினார். அவள் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குத்தான் அது ராத்திரியெல்லாம் காதில் கேட்டது. அந்தக் காலை நான் அவளுக்காக முளைக்க வைக்கவில்லை, எனக்காக முளைக்க வைத்தேன். என் மனசு ஆறுவதற்கு. இதை அவளிடம் நேரில் சொல்வேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு சேதி. கடிதத்தை இங்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "மந்திரக்காரிக்குக் குழந்தை பிறந்தா அதுக்கு யாரு சார் சட்டை போடுவாங்க? அவ தூக்கினா சட்டை பஞ்சாயிடுமே, குளிர்ல என்ன பண்ணும் பிள்ளை?" என்றார். அந்த உலகத்தின் அடுத்த கதை அதில் இருக்கிறது என்பது தெரிந்தது. வாலுவிடம் சொல்லுங்கள். இனி அதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியது அவள்தான். நோட்டை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

ஜூன் பதினாலாம் தேதிப் படகில் வருகிறேன். மேஜையில் எனக்கு ஒரு ஓரத்து நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சகலை


மே 21

டேய் சகலை,

நோட்டைக் குடுத்தேன். முதல் பக்கத்துல உன் கையெழுத்துக்குக் கீழே, 'திருத்தியது: நான்'னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டுட்டா. சமையல்காரர் கேள்வியை ஒரு தனித் தாள்ல எழுதி வெச்சிருக்கா. "இந்த அங்கிள் வந்தா நல்லா இருக்கும்பா"ங்கறா. அவரையும் கூட்டிக்கிட்டு வா.

பஸ் விஷயம் எழுதியிருந்தே. வாலுகிட்ட நீயே சொல்லு. ஆனா சகலை, அந்த 'உச்' எனக்கும் தினம் கேக்குது. மனசு ஆறணும்னு எத்தனை டாக்டர் வீட்டுப் படி ஏறினேன்னு உனக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும்தான் வைத்தியம் வேண்டியிருந்திருக்கு. அவளுக்கு இல்லை.

போன ஞாயித்துக்கிழமை அவ நடத்தினா. முதல் தடவையா நானும் ஆடினேன். தடியும் மீசையுமா ஒரு வீரனை உண்டாக்கிக்கிட்டுப் போனேன். முக்கால் மணி நேரத்துல செத்துட்டேன். நம்பினா நம்பு, சகலை, அவ்வளவு அழகா என்னைக் கொன்னா. மந்திரக்காரியைப் பாலத்துல இழுத்துக்கிட்டு ஓடப் பார்த்தேன், என் அவசரத்துல சட்டத்தை மறந்துட்டேன். பாலம் மலைக்குப் போயிடுச்சு, நான் ஆத்துக்குப் போயிட்டேன். நாள் முழுக்க உம்முன்னு இருந்தேன்னு உன் அக்கா சொல்றா. "அழாதீங்கப்பா, வேற ஆள் தரேன்"னு வாலு தட்டிக் குடுத்தா.

குடுத்திருக்கா. பாலம் போனதால ஊருக்கு இப்ப படகு வேணுமாம். ரெண்டு படகுக்காரங்க. அண்ணன் தம்பி. அண்ணன் நான், தம்பி நீ. ஒரே படகு, ஒரே துடுப்பு. யார் வலிக்கிறதுங்கறதுல ரெண்டு பேருக்கும் மூணு மாசம் பேச்சுவார்த்தை இல்லைன்னு தாள்லயே எழுதியிருக்கா. உனக்கு ஓரத்து நாற்காலி எல்லாம் கிடையாது, என் பக்கத்து நாற்காலி.

சீக்கிரம் வந்து துடுப்பைப் புடி. எனக்குக் கை வலிக்குது.

உன் அண்ணன்